எண்ணிச் செலவிடும் இணையம்

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகச் செய்தி நிறுவனமொன்று இலங்கையிலிருந்து சில ஒளிப்படங்களை வெளியிட்டது. நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலம் அது. பொஹிட்டியாவ என்னும் மலைநாட்டுச் சிற்றூரில், பிள்ளைகளும் அவர்தம் ஆசிரியையும் பற்றைக் காட்டினூடே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறையின் உச்சியை அடைகின்றனர். பெற்றோர் காவலாக உடன் செல்கின்றனர். உச்சியில் மட்டுமே கைத்தொலைபேசிக்கு அலைத்தொடர்பு, நம்மவர் வழக்கிற் சொன்னாற் 'கவரேஜ்', கிட்டுகின்றது. லுணுகலைப் பக்கத்திலோ மரமொன்றின்மேல் ஏறத்தாழ முப்பது அடி உயரத்திற் பரண் கட்டி, அதில் முறைவைத்து ஏறி, இணையத்தை எட்டிப் பிடித்தனர் பிள்ளைகள்.

இப்படங்களைக் கண்டு வெட்கப்பட்டோரும் உளர், பெருமைப்பட்டோரும் உளர். நாட்டின் வசதிக் குறைவை நினைந்து வெட்கம், நம் பிள்ளைகளின் கல்வி வேட்கையை நினைந்து பெருமை. இரண்டுமே நியாயமான உணர்ச்சிகள்தாம். எனினும் அப்படங்களில் மூன்றாவதாக ஒன்றுண்டு. அதனைப் பலர் கவனிக்கவில்லை. பாறையுச்சியை அடைந்த பிள்ளை அங்கே என்ன செய்தது? ஆசிரியர் அனுப்பிய பாடத்தாளை இறக்கிக்கொண்டது. முன்னாளில் எழுதிய பயிற்சியைப் படம்பிடித்து ஏற்றியது. கைத்தொலைபேசியை அடுத்த பிள்ளையின் கையிற் கொடுத்தது. பொழுது சாயுமுன் எல்லோரும் இறங்கியாக வேண்டும். பணிக்கப்படாத ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கவோ, பாடத்தில் வந்த ஓர் ஊரின் பெயரைத் தேடி அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவோ அந்த உச்சியில் நேரமேது? சிரமப்பட்டு ஏறியோர் பெற்றுக்கொண்டு இறங்கினர். படிப்பு வீட்டுக்கு வந்த பின்னரே.

நகரத்தவர்க்கும் கிராமத்தவர்க்கும் இடையிலான இணைய வேற்றுமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'உண்டா, இல்லையா' என்ற வினாவோடு நின்றுவிடுகின்றனர். அவ்வினா முக்கியமானதே. ஆயினும் உண்மையான வேற்றுமை அதற்கு அப்பாலே தொடங்குகின்றது. கோடை காலத்திற் பவுசரில் வரும் நீரைக் காத்திருந்து குடத்திற் பிடிப்பவரையும், வீட்டுக்குள் குழாய் உள்ளவரையும் எண்ணிப் பாருங்கள். இருவர்க்கும் நீர் கிடைக்கத்தான் செய்கின்றது. ஆனால் ஒருவர் குழாயைத் திறந்து விட்டபடியே முகங் கழுவுகின்றார்; மற்றவர் குடத்தின் கழுத்தைப் பார்த்துப் பார்த்து அகப்பையால் அள்ளுகின்றார். முற்றத்துப் பூஞ்செடிக்கு நீர் வார்க்கும் எண்ணம் இரண்டாமவருக்குத் தோன்றவே தோன்றாது.

இந்த நிலை எவ்வாறு வந்தது? இலங்கை இத்துறையிற் பின்தங்கிய நாடன்று. முந்திக்கொண்ட நாடு என்பதே உண்மை. 1989 ஆம் ஆண்டில், தென்னாசியாவில் வேறெந்நாட்டுக்கும் முன்னதாகக் கைத்தொலைபேசிச் சேவை இங்கே தொடங்கிற்று. 1995 இல் வர்த்தக இணையச் சேவை வந்தது. மூன்றாந் தலைமுறை அலைத்தொடர்பும் தென்னாசியாவில் முதன்முதலாகக் கொழும்பிலேதான், 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அறிமுகமாயிற்று. அதே ஓகஸ்ட் மாதத்தில் நாட்டின் மற்றொரு பகுதியில் நிகழ்ந்ததையும் உடன் நினைத்துப் பார்த்தல் வேண்டும். முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு அரிசிக்கும் மாவுக்கும் கப்பலை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளாயிற்று. ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், ஒரு நகரம் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதியைக் கொண்டாட, இன்னொரு நகரம் பாணுக்கு வரிசையில் நின்றது. ஆகவே 'நகரம்' 'கிராமம்' என்ற பிரிவு நம் நாட்டில் எப்போதும் நேர்கோடாக அமைந்ததில்லை என்பதையும் சொல்லி வைக்கின்றேன். போர் நடந்த ஆண்டுகளில் நகரங்களே கிராமங்களாயின.

குடிசன மதிப்பீடுகளைச் செய்யும் அரச திணைக்களம் நாட்டை மூன்றாக வகுக்கின்றது: நகரம், கிராமம், தோட்டம். கணினி அறிவு, இணையப் பாவனை என்று எதனை அளந்தாலும் இதே ஒழுங்கிற்றான் படிகள் இறங்குகின்றன. தோட்டம் எப்போதும் கடைசிப் படி. 2021 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கணினி அறிவு உடையவர். அந்த 'அறிவு' எவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நன்று. ஐந்து முதல் அறுபத்தொன்பது வயது வரையுள்ள ஒருவர் பிறர் துணையின்றிக் கணினியைப் பயன்படுத்துவாராயின் அவர் கணினி அறிவு உடையவர். ஐந்து வயதுக் குழந்தை தனியே இருந்து கணினியில் விளையாடினாலும் அதுவும் இக்கணக்கிற் சேரும். இவ்வரையறை பிழையென்று நான் கூறவில்லை. கணக்கெடுப்புக்கு ஓர் எல்லை வேண்டுமே. ஆனால் எழுத்தறிவைக் கணக்கிடும்போது, எழுதுகோலைப் பிடிக்கத் தெரிந்த எல்லோரையும் கற்றவர் என்று நாம் கொள்வதுண்டா?

மலைநாட்டில் அலை கிட்டாமைக்கு இயற்கையும் ஒரு காரணம். கைத்தொலைபேசிக்குரிய வானலைகள் பெரிதும் நேர்கோட்டிற் செல்வன. இடையே ஒரு மலைத்தோள் நின்றால் அதன் மறுபுறத்துப் பள்ளத்தாக்கு நிழலில் அகப்பட்டுக்கொள்ளும். விரைவு மிக்க சேவைக்கு வேண்டிய உயர் அதிர்வெண் அலைகளோ இன்னும் குறுகிய தூரமே செல்லும். ஆதலாற் கோபுரங்கள் நெருங்கி நிற்றல் வேண்டும். ஒரு கோபுரத்தை எழுப்புதற்கும், அதற்கு மின்சாரம் கொடுப்பதற்கும், பாதையில்லாத மலைமேல் அதனைப் பேணுதற்கும் ஆகும் செலவு நகரத்தைவிடக் கிராமத்தில் மிகுதி. அக்கோபுரத்தின் கீழ் வாழ்ந்து பணம் செலுத்துவோர் தொகையோ குறைவு. வணிகக் கணக்கு இவ்விடத்தில் தெளிவாகவே இருக்கின்றது. அதனைத் தீயதென்று ஏசுவதாற் பயனில்லை. தபாற் கந்தோர் கிராமந்தோறும் அமைந்தபோது அங்கே முத்திரை விற்று இலாபம் வருமா என்று எவரும் கேட்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடி இந்த ஏற்பாட்டின் பலவீனத்தைத் திறந்து காட்டியது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. கோபுரங்களின் மின்கலங்கள் தீர்ந்தன. மின்பிறப்பாக்கிகளுக்கு டீசல் இல்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் இருபது சதவீதம் உயர்ந்தன. 2024 ஜனவரியிற் பெறுமதி சேர் வரி பதினெட்டுச் சதவீதமாயிற்று. நாட்கூலி பெறும் குடும்பம் ஒன்று இவற்றையெல்லாம் எவ்வாறு ஈடு செய்யும்? ஒரே வழி, அளவைக் குறைப்பதுதான். இந்த இடத்திலேதான் நான் முன்னர்க் கூறிய பவுசர்க் கணக்கு மீண்டும் வருகின்றது.

சந்திக் கடையில் ஐம்பது ரூபா, நூறு ரூபா என்று 'ரீலோட்' செய்பவர் வாங்குவது பெரும்பாலும் முழு இணையத்தையன்று. வட்ஸ்அப் மட்டும், பேஸ்புக் மட்டும், யூரியூப் மட்டும் என்று கூறுபோட்டு விற்கப்படும் சிறு பொதிகளே அவர் கைக்கு எட்டுவன. வீட்டு இணைப்பு வைத்திருப்போருட் சிலர்க்கு இரவுப் பங்கு, பகற் பங்கு என்று வேறு பிரிவுண்டு. நள்ளிரவுக்குப் பின்னர் கிடைப்பது தாராளம், பகலிற் கிடைப்பது சொற்பம். அதற்காக நடுச்சாமத்தில் எழுந்து பாடத்தை இறக்கி வைத்த பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவர். ஒரு மணிநேரக் காணொளிப் பாடம் பல நூறு மெகாபைற் அளவினது. ஒரு தமிழ்க் கட்டுரையின் எழுத்து வடிவமோ சில கிலோபைற்றுக்குள் அடங்கும். இருந்தும் பாடம் காணொளியாகவே வருகின்றது. அதனை ஆக்குபவர் குழாய் நீர்க்காரர் என்பதனாற்போலும்.

இதிலிருந்து விளைவது ஒரு விசித்திரமான நிலை. 'லேர்ண் ஏசியா' என்னும் கொழும்பு ஆய்வு நிறுவனத்தார் 2012 ஆம் ஆண்டளவில் இந்தோனேசியாவில் மக்களைச் சந்தித்தபோது, "நாங்கள் இணையம் பாவிப்பதில்லை" என்று சொன்னவர்களே அடுத்த மூச்சிற் பேஸ்புக்கில் தாம் செய்பவற்றை ஆர்வத்தோடு விவரித்தார்களாம். அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த பேராசிரியர் ரொஹான் சமரஜீவ இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். கேட்டால் நகைப்பு வருகின்றது. ஆனால் நகைப்புக்குரியவர் அம்மக்களல்லர். ஒருவனை ஒரு பெரிய நூலகத்தின் முன்றலுக்கு மட்டும் அழைத்துச் சென்று, அங்குள்ள விளம்பரப் பலகையைக் காட்டி, மீண்டும் வீட்டுக்கு அனுப்பினால் அவன் நூலகத்துக்குப் போகவில்லை என்றுதானே சொல்வான்? அவன் சொன்னதே சரி.

இவ்விடத்தில், இன்று ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்ட ஒரு முயற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். மகாவலித் திட்டத்தாற் குடிபெயர்ந்த மக்களுக்காக 1989 இற் கொத்மலையில் ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அவ்வானொலி நிலையத்துக்கு ஓர் இணையத் தொடர்பு கிடைத்தது. விநாடிக்கு 64 கிலோபிற் வேகம். இன்று ஒரு கைத்தொலைபேசி அவ்வேகத்திற் சென்றால் அதைச் சுவரில் அடிக்கத் தோன்றும். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் இருந்த பொது நூலகங்களிலும் மக்கள் பாவனைக்காகக் கணினிகள் வைக்கப்பட்டன. இவையெல்லாம் வேறு நாடுகளிலும் நடந்தவைதாம். புதுமை, அவர்கள் வானொலியைக் கொண்டு செய்ததில் இருந்தது.

கிராமத்தவர் தமக்குத் தெரிய வேண்டியதைக் கடிதம் எழுதிக் கேட்பர். சிலர் தொலைபேசியிற் கேட்பர். பயிரைத் தாக்கும் நோய், பிள்ளையின் வருத்தம், சட்டச் சிக்கல், உலகச் செய்தி என்று வினா எதுவாகவும் இருக்கலாம். அறிவிப்பாளர் இணையத்தில் அதனைத் தேடுவார். நேயர்கள் கேட்டுக்கொண்டிருக்கவே, இன்ன தளத்துக்குச் சென்றேன், இன்னது கண்டேன், அதிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றேன் என்று ஆங்கிலத்தில் இருந்ததை அம்மக்களின் மொழியில் எடுத்துரைப்பார். வைத்தியரோ சட்டம் அறிந்தவரோ அருகில் அமர்ந்து அதற்கு விளக்கம் கூறுவார். கணினியைக் கண்ணாற் காணாத ஒருவர், வயல் வரம்பில் வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு இணையத்தில் உலாவினார் என்றால் அது வெறும் அலங்காரப் பேச்சன்று.

இம்முயற்சியின் சிறப்பு எங்கேயுள்ளது? வினா ஒருவருடையது, விடை ஊர் முழுவதற்கும். அன்றியும், தேடுதல் என்ற செயலை அம்மக்கள் காதாற் கேட்டனர். ஒன்றைத் தேடப் போய் வேறொன்று அகப்படுவதும், முதலிற் கண்டது தவறென்று இரண்டாவதிற் புலப்படுவதும் மறைக்கப்படாமல் அவர்கள் செவியில் விழுந்தன. இன்று ஒவ்வொரு பையிலும் ஒரு கைத்தொலைபேசி உண்டு. ஆனால் தேடுவது எப்படி என்பதை யாரும் யாருக்கும் உரக்கச் சொல்லிக் காட்டுவதில்லை. 64 கிலோபிற்றில் நடந்த அந்தப் பொது வாசிப்பு, விரைவு கூடியபோது தனித்தனிப் பைகளுக்குள் ஒடுங்கிற்று.

அதன் பின் வந்தது 'நெனசல' திட்டம். தமிழில் அறிவகம் எனப்பட்டது. 2000களின் நடுப்பகுதி முதல், ஆயிரம் நிலையங்கள் என்ற இலக்கோடு கிராமங்களில் அவை திறக்கப்பட்டன. விகாரைகளிலும் நூலகங்களிலும் சிறு வாடகைக் கட்டடங்களிலும் இயங்கிய இந்நிலையங்களுக்கு 2014 ஆம் ஆண்டிற் கேற்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. கைத்தொலைபேசி மலிந்ததும் அவற்றின் தேவை தீர்ந்துவிட்டதென்று பலர் எண்ணினர். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான், ஒரு வீட்டில் ஒரே கைத்தொலைபேசி, அதனையும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய் விடுகின்றார், பிள்ளைகள் மூவர், என்ற நிலைமை ஆசிரியர்களின் கண்முன் வந்து நின்றது. வட்ஸ்அப்பில் அனுப்பிய பாடம் யாரை அடைந்தது, யாரை அடையவில்லை என்பதை வகுப்புப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லக்கூடியதாக இருந்தது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் அச்சிட்ட பயிற்சித் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு லயம் லயமாக நடந்தனர். அக்காலத்தில் மிகவும் நம்பத்தக்க வலைப்பின்னல் அவர்களுடைய கால்களே.

இலக்கிய அன்பர்களுக்கு இவையெல்லாம் கல்வித் திணைக்களத்தின் கவலையாகத் தோன்றலாம். நமக்கு நேரே வந்து சேரும் ஒரு கவலையும் உண்டு. 1981 ஆம் ஆண்டிற் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்த இழப்பின் நினைவு மறையாத ஒரு தலைமுறையினர் 2005 இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்துத் தமிழ் நூல்களும், சஞ்சிகைகளும், நினைவு மலர்களும் பல்லாயிரக்கணக்கில் அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. 'மறுமலர்ச்சி'யையும் 'மல்லிகை'யின் பழைய இதழ்களையும் இன்று காசு கொடுத்தும் வாங்க முடியாது. அங்கே இலவசமாகப் படிக்கலாம். எரிக்க இயலாத நூலகம் என்று நாம் பெருமைப்படுகின்றோம். பெருமை நியாயமானதே.

ஆனால் இலவசம் யாருக்கு? படமாக எடுக்கப்பட்ட நூலொன்று பத்து, இருபது, சில வேளை நாற்பது மெகாபைற் வரை இருக்கும். ரொறன்ரோவில் இருப்பவர் தேநீர் ஊற்றுமுன் அது வந்துவிடும். கொழும்பில் இருப்பவரும் அதைப் பற்றி எண்ணமாட்டார். வன்னியில் உட்கிராமமொன்றில் இருக்கும் உயர்தர வகுப்பு மாணவிக்கு, வட்ஸ்அப் பொதி மட்டுமே கையிலுள்ளபோது, அந்நூல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. அதைவிட முக்கியமானது இன்னொன்று. நாமெல்லாம் வாசகர்களானது எவ்வாறு? ஆசிரியர் சொன்ன நூலைப் படித்தா? நூல்நிலைய அலுமாரியின் முன் வேலையற்று நின்று, ஒரு புத்தகத்தை இழுத்து, நாலு பக்கம் பார்த்து, பிடிக்காமல் உள்ளே தள்ளி, அடுத்ததை இழுத்தல்லவா? பத்து நூலைத் தள்ளிவிட்டுப் பதினோராவதைக் கண்டெடுக்கும் உரிமை நமக்கு இருந்தது. தள்ளிவிட்டதற்கு நம்மிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. எண்ணிச் செலவிடும் இணையத்திலோ தள்ளிவிடும் ஒவ்வொரு நூலுக்கும் விலையுண்டு. ஆகவே அந்த மாணவி தெரிந்த பெயரையே தேடுவாள், பாடத்திட்டத்தில் உள்ளதையே இறக்குவாள். தெரியாததைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு நகரத்தவர்க்கு மட்டும் உரியதாகிவிடும்.

1945 இற் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், நகரக் கல்லூரிகளில் கட்டணத்தை நீக்கியதோடு அமையாது, நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளைக் கட்டி எழுப்பும் வேலையும் அதனோடு சேர்ந்து நடந்தது. பிள்ளையை மலையேறச் சொல்லாமற் பாடசாலை மலையேறிற்று.

இன்று விண்கோள் வழியாக இணையம் தரும் ஸ்ரார்லிங்க் சேவையும் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. மலைத்தோள்கள் அதற்குத் தடையல்ல. ஆனால் அதன் கருவியை வாங்கும் வல்லமை லயத்துக் குடும்பத்துக்கு இல்லை. ஒரு பாடசாலைக்கோ, பிரதேச சபையின் வாசிகசாலைக்கோ, சனசமூக நிலையத்துக்கோ இருக்கலாம். ஒரு கருவி, ஓர் ஊர் என்று கொத்மலைக்காரர் போலச் சிந்திப்பவர் எவரேனும் இருந்தால் நல்லது. பெரிய செலவின்றிச் செய்யக்கூடிய வேலையும் ஒன்றுண்டு. 'நூலக'த்திலிருந்து பல நூறு நூல்களை நகரத்தில் இறக்கி, ஒரு சிறு நினைவுக்கோலில் அடக்கி, இணையமே இல்லாத பாடசாலைக் கணினியிற் போட்டுவிடலாம். பிள்ளைகள் கட்டணமின்றி, காவலின்றி, அவசரமின்றிப் புரட்டலாம்.

வார இறுதிக்கு வீடு வந்து திங்கட்கிழமை அதிகாலைப் பஸ்ஸில் உட்கிராமப் பாடசாலைகளுக்குத் திரும்பும் ஆசிரியர்கள் நம் வாசகர்களுள் நிறையவே உளர். சோற்றுப் பார்சலும் திருத்திய கொப்பிகளும் இருக்கும் அந்தப் பையில், பெருவிரலளவு கோல் ஒன்றுக்கும் இடமிருக்கும்.